வாளி வைத்த இடம்

அன்று அந்த மாடி அறையில் அம்மா இருந்தாள், தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன், தங்கச்சியைச் சோதித்துப் பார்க்க வந்த மிஸ் இருந்தார். அப்பா இல்லை. அவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். சிங்களம் பேசுவார் என்பதற்காகவே கூட்டிவந்த மாமாவும் இல்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கியதும், "அஞ்சே நிமிஷம், நீங்க நடந்துக்கிட்டே இருங்க" என்று கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போனவரை நாங்கள் மறுபடி கண்டது திரும்பிப் போகும் பஸ்ஸில்தான்.

எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு எட்டு. அவளுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறேழு சொற்கள் பேசுவாள். குதிக்கச் சொன்னால் குதிகாலை மட்டும் தூக்கி இறக்கிவிட்டு, குதித்துவிட்டதாக நினைத்துச் சிரிப்பாள். ஐந்து வயதுவரை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுவைக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அம்மா கொழுந்தெடுக்கப் போகும் மலைக்கே அவளையும் கூட்டிப்போய், ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிடுவாள். மூன்று வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் கங்காணி முடிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசத்துலருந்து புள்ளைய மலைக்குக் கூட்டியாராத. தொர பாத்தா ஏச்சு வாங்குறது நான்தான்."

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஹட்டனில் ஒரு வகுப்பு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. சேர்க்கும் முன் சில அசைவுகளைச் செய்ய வருகிறதா என்று பார்ப்பார்களாம். அவர்கள் கொடுத்தனுப்பிய தாளை எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒற்றைக் காலில் நிற்றல், இரு கால்களாலும் குதித்தல், கோட்டின்மேல் நடத்தல், பந்தை வாளிக்குள் எறிதல்.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் பரீட்சையாகவே தெரிந்த காலம். இதையும் படித்தால் பாஸாகலாம் என்று தீர்மானித்து, மூன்று வாரம் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தங்கச்சிக்கு வகுப்பெடுத்தேன். பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்து, தண்ணீர் வாளியை இரண்டடி தள்ளி வைத்து, "போடு பாப்பா" என்பேன். தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிவாள். "முன்னுக்குப் போடு, முன்னுக்கு!" என்று கையைப் பிடித்து வீசிக் காட்டுவேன். கையை விட்டதும் மறுபடி பின்னால்தான். வேண்டுமென்றே செய்கிறாள் என்று இரண்டு தடவை கிள்ளியும் இருக்கிறேன். அரிசி களைந்தபடி அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

மிஸ் சிங்களவர். தங்கச்சியைச் சிங்களத்தில் 'நங்கி' என்று கூப்பிட்டு, உடைந்த தமிழில், ஆனால் பொறுமையாகப் பேசினார். "நங்கி, இங்க வாங்க. ஒரு கால் மட்டும், ஹரியா?" தங்கச்சி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு விநாடி நின்றாள். குதிக்கச் சொன்னபோது வழக்கம்போலக் குதிகாலைத் தூக்கிச் சிரித்தாள். கோடு போட்டிருந்தது வழவழவென்ற சிமெந்துத் தரையில். எங்கள் பக்கம் அவ்வளவு சமமான நிலம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அவள் முழங்காலை மடக்கி, மலையிறங்குகிறவளைப் போலக் கோட்டைவிட்டு விலகி விலகி நடந்தாள். ஒவ்வொன்றுக்கும் மிஸ் தாளில் ஏதோ போட்டார். எட்டிப் பார்த்தேன். எல்லாம் பிழைக் குறி.

கடைசியில் பந்து. தங்கச்சியின் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை. அதன்மேல் அகலமான தட்டு நிறையச் சின்னச் சின்னப் பஞ்சுப் பந்துகள். மேசைக்கு அப்பால் இரண்டடி தூரத்தில் மஞ்சள் வாளி.

"வாளிக்குள்ள போடுங்க, நங்கி."

அவள் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் பந்துகளுக்குள் விட்டாள். வலக்கையில் இரண்டு, இடக்கையில் இரண்டு. அள்ளி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள். பந்துகள் தரையெல்லாம் உருண்டன. மிஸ் பேனாவை எடுத்தார்.

ஒரு பந்து மட்டும் கிழிந்திருந்தது. தங்கச்சி அதை விரலால் தடவிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, கீழே போட்டாள். முத்தல் இலையை அம்மா அப்படித்தான் கழித்துப் போடுவாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. எழுந்து ஓடி வாளியைத் தூக்கினேன்.

"வேணாம்டா தம்பி. வச்சிரு" என்றாள் அம்மா, மிகவும் தாழ்ந்த குரலில்.

களவாகப் பாஸ் பண்ணப் பார்க்கிறேன் என்று மிஸ் ஏசுவாரோ என அம்மா பயப்படுவதாக நினைத்தேன். கேட்காமல் தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால், அம்மாவுக்குக் கொழுந்துக் கூடை தொங்கும் உயரத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பந்துகூட வெளியே விழவில்லை. தட்டு காலியானதும் மிஸ்ஸின் பென்சில்களையும் கொய்து போடத் தொடங்கினாள்.

மிஸ் சிரித்துவிட்டார். "அம்மே! ரெண்டு கையும் ஒண்ணா வேலை செய்யுது, பாக்காமலே போடுது! யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க மிஸ்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

மிஸ் தாளைத் திருப்பி நிறைய எழுதினார். "நாங்க எடுக்கறோம். ஆனா அம்மாவும் தினமும் வரணும். பன்னெண்டு மணி வரைக்கும் கூடவே இருக்கணும். வீட்டுல செய்யறதுக்கு அம்மாவும் பழகணும் இல்லயா?"

"எவ்வளவு நாளைக்கிங்க மிஸ்?"

"ஒரு வருசம், ரெண்டு வருசம். சொல்ல ஏலாது."

அம்மா தங்கச்சியைப் பார்த்தாள். அவள் வாளிக்குள் தலையைவிட்டுப் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள் அம்மா.

பஸ்ஸில் மாமா வெற்றிலை வாயோடு கேட்டார்: "என்னா மருமவனே, தங்கச்சி பாஸா, பெயிலா?"

"பாஸ்! நான்தான் மாமா பாஸ் பண்ண வச்சேன்!"

"அப்ப டீச்சருக்கு ஒரு வடை குடுக்கணுமே" என்று பொட்டலத்தைப் பிரித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்ல காரியம் நடந்திருக்கு, எதுக்குக்கா அழுவுற?" என்றார் மாமா. சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நானும் வடையைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது அம்மா கேட்டாள்: "நீ ஏன்டா வாளியத் தூக்குன?"

"அப்பதானேம்மா பாஸாகும்?"

"ம்" என்று என் தலையில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள். அது கோபமா, பாராட்டா? எனக்குப் புரியவில்லை, இன்றும் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். தங்கச்சி பின்னால் எறிவது கூடைக்குள் கொழுந்தைத்தான் என்று எனக்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். பிறகு ஏன் அந்த மூன்று வாரமும் சொல்லவில்லை? மகளின் கையும் கொழுந்தெடுக்கும் கையாகிவிட்டதை அந்நிய மனுஷிக்குக் காட்டக் கூசினாளா? அல்லது 'எடுக்கறோம்' என்ற பதிலுக்கே பயந்திருந்தாளா? கேட்கலாம் என்று பலமுறை போய், வேறெதையோ கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று நான் செய்தது, ஹட்டனுக்குப் போய்வரும் பஸ் காசை மாதத்துக்கு இவ்வளவு என்று கொப்பியில் பெருக்கிக் காட்டியது. "கணக்குச் சரிதான் தம்பி" என்றாள். வாசிக்கத் தெரியாதவள் எப்படிச் சரி என்கிறாள் என்றுதான் யோசித்தேன்.

தங்கச்சி ஒரு வருடமும் எட்டு மாதமும் போனாள். எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்கவும், கடைசிப் படியிலிருந்து இரண்டு காலாலும் குதிக்கவும், தானே செருப்பை மாட்டிக்கொள்ளவும் பழகினாள். அம்மா நடுப்பகலில் திரும்பி வந்து மலைக்கு ஓடுவாள், அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். மூன்றாம் மாதம் தோட்டத்து ஆபீஸில் நிரந்தர ஆட்களின் பட்டியலான செக்ரோலிலிருந்து அவள் பெயரை வெட்டி, எடுக்கும் கிலோவுக்கு மட்டும் காசு வாங்குகிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள். பஸ் காசு போக, எங்களுக்கு ஆன மொத்தச் செலவு அதுதான்: அம்மா அந்தத் தோட்டத்தில் நிரந்தர ஆளாக வேலை செய்து சேர்த்திருந்த பதினான்கு வருடமும் இரண்டு மாதமும்.