எதிரே உட்கார்ந்தவரின் இடது கால்

இரண்டு கால்களும் ஒரே அளவில் இல்லாதவர்களுக்குக் காலணி செய்கிறவர் அவர். வருகிறவரை முக்காலியில் உட்காரவைத்து, கேள்வி கேட்டுக் கேட்டே அளவெடுப்பார். ஏன் இந்த ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது? ஏன் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது? தெருவில் அவருக்கு ‘ஏன் அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவரைப் புத்திசாலி என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. எதையும் எளிதில் நம்பிவிடாதவர் என்று வேண்டுமானால் சொல்வேன்.

அளவுகள் எல்லாம் பட்டறைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. டி டிரைவில் அளவுகள், இன்னொரு டிஸ்க்கான இ டிரைவில் அவற்றின் நகல். பட்டறையைப் பூட்டுமுன் திரையில் ஒரு பட்டனை அழுத்துவார். அது இ டிரைவை அப்படியே டி டிரைவைப் போல ஆக்கிவிடும். டியில் இல்லாதது இ டிரைவிலிருந்தும் அழிந்துபோகும். அமைத்துக் கொடுத்தது அவருடைய கொழுந்தன்.

சென்ற மாதம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அளவுகளை டியில் ஏற்ற முடிந்தது, ஆனால் பதினோரு நாள் நகல் எடுக்க முடியவில்லை. கொழுந்தன் வந்து பெட்டியைத் திறந்து தூசி தட்டி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பழைய பட்டனையும் திரையில் கொண்டுவந்து வைத்தார். டி டிரைவைத் திறந்து காட்டினார். ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன.

“எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி. பட்டனைத் தட்டிட்டுக் கடையைச் சாத்துங்க.”

அவர் தட்டவில்லை. அந்த வரிசையில் ஒரு டீச்சரைத் தேடினார். கணுக்கால் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனவர். கால் இப்போது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும் அன்று காலணி தயாராக இருக்க வேண்டும், அளவை மறுபடி எடுக்க வழியில்லை.

“டீச்சரோட கால் எங்க தம்பி?”

“நீங்க சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க.”

“அப்படியே வச்சுக்குவோம். போஸ்ட்மேன் ஏன் இல்லை? பதினோரு நாளா வந்த ஒருத்தரும் ஏன் இல்லை?”

கொழுந்தன் சலிப்போடு இ டிரைவைத் திறந்தார். டீச்சர் அங்கே இருந்தார், போஸ்ட்மேனும் இருந்தார். கொழுந்தன் மெல்ல மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பதினோரு நாள் கால்களும் போயிருக்கும்.

தூசி தட்டியபோது வயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டதாக ஒப்புக்கொண்டார். விண்டோஸ் தான் கண்ட வரிசையில் டி, இ என்ற எழுத்துகளைக் கொடுத்திருக்கிறது. பழைய நகல் டி ஆகிவிட்டது, அசல் அளவுகள் இ ஆகிவிட்டன.

“அப்ப டிங்கிறது அந்த டிஸ்க்கோட பேரே இல்லையா?”

“இல்லை அண்ணி. க்யூவுல கொடுக்கிற டோக்கன் மாதிரி. முன்னாடி நிக்கிறவங்களுக்கு முதல்ல.”

“இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்காம விட்ட ஒரே கேள்வி இதுதான்.”

ஏன் அக்கா சிரிக்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருடம் நடந்ததைச் சொன்னார். வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்து அளவெடுத்தவர், தன் இடது பக்கம் இருந்த காலை இடது என்று எழுதி, ஒரு ஜோடி முழுவதையும் மாற்றிச் செய்துவிட்டார். அன்றிலிருந்து யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மாறாதபடி, உள்ளங்காலிலேயே பேனாவால் குறித்துவிடுகிறார்.

டிஸ்க்குகளுக்கும் அதையே செய்யச் சொன்னார். கொழுந்தன் இரண்டின் மீதும் ஸ்டிக்கர் ஒட்டினார். கம்ப்யூட்டருக்குள்ளும் ‘அளவு’, ‘நகல்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர்களைப் பார்த்த பிறகே வேலை செய்யும்படி பட்டனைத் திருத்தினார். எழுத்துகளையும் பழையபடி மாற்றிவைத்தார். அதற்குப் பிறகுதான் ஏன் அக்கா பட்டனைத் தட்டினார். தட்டிவிட்டு இரண்டு டிஸ்க்கிலும் டீச்சரைத் தேடிப் பார்த்தார்.

கட்டுப் பிரித்த அன்று டீச்சர் புதுக் காலணியோடு பட்டறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பினார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். குதிகாலில் மட்டும் லேசான இறுக்கம் என்றார்.

“ஏன் குதிகால்ல மட்டும்?” என்றபடி ஏன் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டார்.