மூட்டைக்கு மட்டும் நிற்கும் பேருந்து

எழில்மதி படிப்பை விட்டுவிட்டு மரவள்ளி மூட்டை தூக்குகிறாள் என்று எனக்குச் சொன்னது நிர்மலா. மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். அவளுக்குச் சொன்னது அவள் தம்பி. அவனுக்கு யாரோ அனுப்பிய வீடியோவில், கரியாலூர் சாலையோரம் என் அக்கா மகள் புடவை கட்டிக்கொண்டு ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாளாம். “காலேஜ் போற நேரத்துல, பாவம்” என்று வேறு இழுத்தாள்.

உடனே அக்கா சாலம்மாளுக்குப் போன் போட்டேன்.

“ஆமா, மூட்டதான்” என்றாள் அக்கா. அப்புறம் ஒரே சிரிப்பு. “நீ அவளயே கேளு, போ.”

எழில்மதிக்குப் பத்தொன்பது வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல். கரியாலூருக்குக் கீழே எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஏழேகால் பேருந்தைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போக முடியும். அடுத்த வண்டி பத்து மணிக்கு. அங்கே ஏறும் ஆறு பேருமே இலவச பாஸ் வைத்திருக்கும் மாணவிகள். அதனால் வண்டி நிற்காது. கை காட்டினால் ஓட்டுநர் பள்ளத்தாக்கை ரசித்தபடி போய்விடுவார். ஆனால் சாலையோரம் கிழங்கு மூட்டை இருந்தால் கட்டாயம் நிற்கும். சுமைக்கு டிக்கெட் உண்டே.

“அதான் சின்னம்மா, ஆறு பேரு பையயும் ஒரே சாக்குல போட்டுக் கட்டினோம். நான் அம்மா பொடவயக் கட்டிக்கினு அது மேல குந்திக்கினேன். ஜெயசுதாவும் மத்தவளுங்களும் மரத்துக்குப் பின்னால. வண்டி பிரேக் போட்டு நின்னுச்சு பாரு, ஒரே ஓட்டம்!”

“கண்டக்டர் இன்னா சொன்னாரு?”

“மூட்டயத் தொட்டுப் பாத்துட்டு, ‘இன்னாம்மா கெழங்கு, சதுரமா கீது’ன்னாரு. ‘புது ரகம் சார், எம்எஸ்ஸி வரிக்கும் வெளயும்’னேன்.”

திட்டத்தான் போன் செய்திருந்தேன். சிரித்துவிட்டேன்.

மறுநாளும் மூட்டை. அதற்கடுத்த நாள் அக்கா உண்மையாகவே கிழங்கு போட்டனுப்பி, அதற்கு டிக்கெட்டும் எடுக்க வைத்தாள். உள்ளே கிழங்கா புத்தகமா என்று நின்று பார்த்தால்தானே தெரியும்? ஒன்பது நாள் பேருந்து ஒழுங்காக நின்றது. பத்தாம் நாள் வண்டிக்குள்ளிருந்து யாரோ எடுத்த இன்னொரு வீடியோ எல்லார் போனுக்கும் போனது. பணிமனையிலிருந்து கல்லூரிக்குப் புகார் வந்தது. வீடியோவில் முகம் தெரிந்தவள் எழில்மதி மட்டும்தான்.

பேருந்து நிற்காத நாட்களால் அவள் வருகைப்பதிவு ஏற்கெனவே எழுபத்தொரு சதவீதம்தான். எழுபத்தைந்து இல்லையென்றால், முதல்வர் சலுகைக் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு எழுதலாம். முதல்வர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: பேருந்து ஊழியர்களை ஏமாற்றியதற்கு மன்னிப்பு எழுதிக் கொடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போ. கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி.

“எழுதிக் குடுத்துடு கண்ணு. ஒரு பக்கந்தானே” என்றேன்.

“எதுக்கு? நிறுத்தத்துல நிக்கிறது அவங்க வேல. அத அவங்கள செய்ய வெச்சது தப்பா?”

“பரீட்ச போயிடுண்டி.”

“எழுதிக் குடுத்தா இன்னாவாம்? நாளைக்கே வண்டி நிக்காம போவும். கேட்டா, ‘நீதான ஏமாத்தினேன்னு கைப்பட எழுதிக் குடுத்த’ம்பாங்க. அப்பறம் எந்த வாயால கேக்கறது?”

“உனக்கு பயமே இல்லியா?”

“கீது. நீ போன் பண்ணிப் பண்ணி அத இன்னும் ஜாஸ்தியாக்காத.”

மன்னிப்புக்குப் பதிலாக அவள் வேறொன்று எழுதினாள். ‘வருகைக் குறைவுக்கான காரணம்’ என்று தலைப்பு. ஜூன் முதல் பேருந்து நிற்காமல் போன நாற்பத்தொரு நாட்களின் தேதி, கடந்துபோன நேரம், கீழே ஆறு பேரின் கையெழுத்து. கெஞ்சல் ஒரு வரி கிடையாது. மற்ற ஐந்து பேரும் தாங்களாகவே வந்து கையெழுத்துப் போட்டார்களாம். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று முந்தாநாள் எனக்கு அனுப்பினாள்.

உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். தேதி ஒன்றும் தப்பவில்லை. முடிவில் மட்டும் என் கை சும்மா இருக்கவில்லை. நடந்தவற்றுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நடவாது என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். தமிழ்க் கடிதம் அவள் விருப்பப்படி இருக்கட்டும், இதைப் படித்து யாராவது மனமிரங்கினால் போதும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது, பேருந்து இரைச்சலுக்கு நடுவே. “இங்கிலீஷ் சூப்பர் சின்னம்மா. படிக்கக்கூட நேரமில்ல, அப்படியே பிரிண்ட் எடுத்து அடியில கையெழுத்துப் போட்டுட்டேன். நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

அதை நான்கு முறை கேட்டேன். அவள் எழுத மாட்டேன் என்றதை நான் எழுதி, அவள் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். பரீட்சை போனாலும் போகட்டும். அந்த வரி அவளுடையதல்ல. அவள் பெயரில் அது போகக் கூடாது.

அங்கே இப்போது பத்து நாற்பது. முதல்வர் அறை வாசலில் நிற்பாள். கடைசி வரியை அடித்துவிட்டுக் கொடு என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையாக அழைக்கிறேன். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுடி எழில்.