யோகராஜ் சாரின் பைக்கில் இரண்டு விதமான டயர்

யோகராஜ் சார் போய்விட்டார்... இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது. இன்றுதான் எழுதக் கை வருகிறது.

தெரியாதவர்களுக்கு... ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் என்னோடு கணக்குப் படிப்பித்தவர். வத்தேகமயிலிருந்து தினமும் அவருடைய பைக்கில்தான் இருவரும் போவோம்.

மழையில், வழுவழுப்பாகத் தார் போட்ட கார்பட் ரோட்டு வளைவில், பைக் சறுக்கி... அன்று நான் பின்னால் இல்லை. மகனுக்குக் காய்ச்சல், லீவு போட்டிருந்தேன்.

தரம் ஆறு பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க ரொட்டி கொண்டுவருவார். பிய்த்துப் பிய்த்து விளக்குவார். பாடம் முடிய முதலே பாதி ரொட்டியை அவரே சாப்பிட்டிருப்பார்.

அந்தப் பாதிக் கணக்கை பைக்கிலும் போட்டார். முன்னால் தார் ரோட்டுக்கான சாதாரண டயர். பின்னால் காட்டுப் பாதைக்குப் போடுகிற, கட்டை கட்டையான டயர்.

"இது என்ன சார் கோலம்?" என்று கேட்டேன்.

"பாதி வழி தாரு, பாதி வழி கல்லு. அப்ப டயரும் பாதி பாதிதானே டீச்சர்?"

கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

தோட்டத்துக் கல் ரோட்டில் நன்றாகத்தான் ஏறியது. மழை பெய்த கார்பட் ரோட்டில்தான்... பிரேக் பிடித்தால் பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாள் பள்ளத்தின் ஓரம் வரை போய் நின்றோம். கீழே தேயிலைச் செடிகளின் தலை தெரிந்தது.

சார் ஹெல்மட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "வீட்டுல சொல்லிறாதீங்க டீச்சர். மாலா பைக்கையே வித்துருவா."

நான் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சாருக்காக மட்டும் இல்லை. பைக் போனால் நானும் விடிய முதல் எழும்பி பஸ்ஸுக்கு ஓட வேண்டும்... அதுதான் உண்மை.

நேற்று கருமாதி வீட்டில் மாலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீங்கதானே தெனமும் பின்னாடி போனீங்க. முன்ன எப்பவாச்சும் சறுக்குச்சா டீச்சர்?"

"இல்லக்கா" என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கிளம்பும்போது சாரின் தம்பி வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். பொலிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். "கண்ணாடி மட்டுந்தான் ஒடைஞ்சிருக்கு. நாளைக்கு ஏழு மணிக்கு இதுலதான் வேலைக்குப் போறேன்" என்றான். இரண்டு டயரும் அப்படியேதான் இருந்தன.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. த்ரீவீலில் ஏறி வந்துவிட்டேன்.

விடிந்ததிலிருந்து மழை. மாலா அக்காவின் போனுக்கு ஐந்து தரம் கோல் எடுத்துவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது. அவர் வீட்டு அக்கம்பக்கத்தில் யாராவது இதைப் பார்த்தால் ஓடிப் போய்ச் சொல்லுங்கள்.

அக்கா, சறுக்கியது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். சார் விழுந்தது அந்த டயரால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை மாற்றும்வரை தம்பியை ஏற விடாதீர்கள். என்னை எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சார், போய் வாருங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மணி ஆறரை ஆகிவிட்டது... அக்கா, போனை எடுங்கள்.