அவளுக்குப் படைத்த திராட்சை

என் மனைவி இறந்து முதல் வருஷத் திதி வந்தது. சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றதும் குமாரபாளையத்திலிருந்து தங்கை போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். "ஏனுங்கண்ணா, அண்ணிக்கு நான் ஆக்காம ஊரான் வந்து ஆக்குவானா?" என்றாள். முந்தின நாள் சாயங்காலமே அவளும் அவள் வீட்டுக்காரரும் காரில் வந்து இறங்கினார்கள். சேலத்து வீட்டில் அடுப்படியிலும் கூடத்திலும் பேச்சுச் சத்தம் கேட்டபோதுதான், இந்த ஒரு வருஷம் எவ்வளவு ஊமையாகப் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. மகன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். சாப்பிட்டீங்களா என்பான், சாப்பிட்டேன் என்பேன், அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. மற்றபடி நானும் நாயும்தான்.

நாய் அவளுடையது. மழையில் நனைந்து சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். ஜவுளிக் கடையிலிருந்து களைத்துப்போய் வந்தவனுக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. "ஒண்ணு அது இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்" என்றேன். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள். யோசித்து எதுவும் சொல்லவில்லை. குட்டி வளர்ந்து என் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கடித்து முடித்தது.

முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நாய் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளிடம் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். சாக்லேட் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது, திராட்சை கூடவே கூடாது. பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். நாயின் கிட்னியையே அது கெடுத்துவிடுமாம். ஒரு நாய் கொத்தாகத் தின்றுவிட்டுச் சும்மா திரியும், இன்னொன்று நாலைந்து பழத்துக்கே படுத்துவிடும், எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். என் மனைவிக்கோ பன்னீர் திராட்சை என்றால் உயிர். அன்றிலிருந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்பாள். நாய் வெளியே நின்று கதவைப் பிராண்டும். "கட்டுன புருசனுக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணுதா பாரு" என்று நான் கூடத்திலிருந்து சத்தம் போடுவேன். துப்பிய கொட்டையைக்கூடக் காகிதத்தில் மடித்துத்தான் குப்பையில் போடுவாள்.

திதியன்று தங்கை விடியற்காலையிலேயே அடுப்படிக்குப் போய்விட்டாள். படத்துக்கு முன்னால் போட்ட இலையில் முந்திரியும் உலர்திராட்சையும் மிதக்கும் சேமியா பாயசம், உளுந்து வடை, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் இருந்தன. தட்டுவடை செட்கூட வைத்திருந்தாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் துருவி வைத்து, சட்னி தடவி, சாயங்காலக் கடையில் கொடுப்பது போலவே. இலையின் ஓரத்தில் ஒரு பெரிய கொத்துப் பன்னீர் திராட்சை. தங்கை எதையுமே மறக்கவில்லை.

கும்பிட்டு முடித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து இன்னோர் இலையில் வைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். காக்கைகள் தண்ணீர்த் தொட்டி மேலும் எதிர்வீட்டுக் கம்பி மேலும் உட்கார்ந்திருந்தன. தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணிக்கு நம்ம மேல என்ன கோவமோ தெரியலீங்ண்ணா" என்று தங்கை கண் கலங்கினாள்.

"உசுரோட இருந்தப்பவே நான் கூப்பிட்ட உடனே வந்தவ இல்ல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் நாய் மாடிக்கு ஏறி வந்தது. கீழே கட்டித்தான் வைத்திருந்தேன், எப்படியோ அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. சோற்றைப் பார்த்தால் தட்டோடு இழுத்துக்கொண்டு ஓடும் ஜாதி அது. அன்று இலைக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தது.

தங்கை சட்டென்று கை கூப்பினாள். "அண்ணா, அண்ணிதானுங்க. காக்காயா வராம, அவங்க வளத்த உருவத்துலயே வந்துட்டாங்க. சாப்புடுங்க அண்ணி."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு வருஷம் தனியாகக் கிடந்தவனுக்கு நம்பிக்கை வருவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. என் கைகளும் கூப்பிக்கொண்டன. வந்துட்டியா என்று வாய்க்குள் கேட்டேன். நாய் பாயசத்தை நக்கியது. வடையைத் தின்றது. பிறகு திராட்சைக் கொத்தில் வாய் வைத்தது. பழங்கள் பல்லில் பட்டுப் பிதுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு தின்றவளா இந்த நாய்க்குத் திராட்சை ஊட்ட வருவாள்? பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். "எடு, எல்லாத்தையும் எடு, விஷம், விஷம்" என்று கத்தினேன். இலை தாறுமாறாகக் கிழிந்தது.

தங்கையின் முகம் செத்துவிட்டது. "அண்ணிக்கு நான் ஆக்குனது விசமுங்களா?"

நாய்க்குத்தான் என்று சொன்னேன். அதுவும் கத்தலாகவே வந்தது.

"தெரு நாயெல்லாம் எதத் தின்னு பொழைக்குது? திங்க உக்காந்தவங்க வாயிலிருந்து புடுங்கிட்டீங்களே" என்று அவள் அழுதுகொண்டே கீழே இறங்கிப் போனாள்.

அவள் வீட்டுக்காரர்தான் பசியோடு காரை எடுத்தார். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை நாய் என் மடியில் கிடந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "விசம்னு சொல்லியிருக்க வேண்டாமுங்க மச்சான். இன்னிக்கு."

டாக்டரம்மா ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பாயசமும் கறுப்புத் தோலுமாக வந்தது. குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு நாள் தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் கிட்னி தப்பியதா என்று சொல்ல முடியுமாம். "நாய்க்குத் திராட்சை ஆகாதுன்னு வீட்ல யாருக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். தெரிந்தவளுக்குத்தான் இன்று திதி என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வந்தபோது தங்கை பையைக் கட்டி வாசலில் நின்றாள். எவ்வளவோ கூப்பிட்டேன். ஒரு வாய் சாப்பிடாமல் இருவரும் கிளம்பிப் போனார்கள். திதி வீட்டிலிருந்து வயிற்றுப் பசியோடு உடன்பிறந்தவளை அனுப்பியது இன்றும் எனக்கு ஆறவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சிதறிக் கிடந்ததெல்லாம் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. காக்கை தின்றதோ அணில் தின்றதோ, யார் கண்டது.

அடுத்த இரண்டு நாளும் நாயின் பின்னாலேயே அலைந்தேன். தண்ணீர்ச் சட்டியை அதன் மூக்கருகே நகர்த்தி வைத்தேன். மிளகு உப்பு எதுவும் போடாமல் சோறு குழைத்து வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்கு நாயே பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதன் நான். இதுவும் போய்விட்டால் கதவைத் திறந்ததும் எழுந்து வர ஒரு ஜீவன் இருக்காதே என்று பயந்தேன்.

ரத்தம் எடுத்த அன்று மதியம் டாக்டரம்மா போன் செய்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தங்கைக்குப் போட்டேன், அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. மகன் அங்கே தூங்கிக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னால், நாய்தானே என்பார்கள். இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒருத்தி சுவரில் மாலையோடு இருந்தாள்.

போனைக் கீழே வைத்தேன். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கடைசியில் அதனிடமே சொன்னேன்.