வாசலைக் காட்டும் ராஜா

குமணன்சாவடியில் பஸ்ஸுக்காக நான் ஒதுங்கி நிற்பது படங்களுக்கு பிரேம் போடும் கடை. மேசைமேல் பழைய வெள்ளைக்கார ஓவியத்தின் நகல். முகம் சிவந்த ராஜா வாசலை நோக்கி விரலை நீட்டுகிறார். அவர் கழுத்தில் இருப்பதைப் போலவே தங்கச் சங்கிலி போட்ட மந்திரி, மண்டியிட்டுக் கெஞ்சுகிறான்.

கவுன்சிலர் சீட்டு கேட்டிருக்கும் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், தலைவர் பிறந்தநாளுக்கு இதைத்தான் கொடுக்கப்போகிறாராம்.

"தலைவர் கால்ல நான் உயுந்துகினு கீற மாரியே இல்ல?" என்று கடைக்காரரிடம் பூரிக்கிறார்.

முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. இருந்தும் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, ராஜா வெளிய போன்னு இல்ல சொல்றாரு?"

"இன்னா நைனா, படம் பாக்கவே தெர்ல உனக்கு! கோட்டைக்குப் போடான்னு வழி காட்றாரு."

படத்தின் வாசலில் இரண்டு சிப்பாய்கள் மந்திரிக்கு மாட்டக் கைவிலங்கை ஏந்திக் காத்திருக்கிறார்கள். "நம்ம செக்யூரிட்டி" என்று, அவர்களும் நன்றாகத் தெரியும்படி பெரிய பிரேமாகப் போடச் சொல்கிறார்.