கார்குழலி வீட்டுப் பிரெஞ்சு

கார்குழலிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவள் அப்பா. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மூத்தவளுக்குத் தாமரைச்செல்வி, இளையவளுக்குக் கார்குழலி என்று ஆசை ஆசையாகத் தமிழ்ப் பெயர் வைத்தார். பாரீஸுக்குப் பக்கத்தில் குடியேறிய பிறகு அந்தப் பெயரை முழுசாகச் சொன்னவர்கள் ஒருவருமில்லை. பெற்ற மகள் பூர்ணிமாவிடம் அம்மா பேரென்ன என்று கேட்டால் "கார்கூலி" என்பாள்.

புதுச்சேரி மூலக்குளத்தில் வளர்ந்தவள், பிரேம்குமாரைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் அவன் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. ஆனால் பிரேம்குமார் படித்ததெல்லாம் புதுச்சேரியில், தமிழில். மீசை முளைத்த வயதில் ஒரு வார்த்தை பிரெஞ்சு பேச வராமல் பாரீஸில் போய் இறங்கினான். கக்கூஸ் கழுவினான், கிடங்கில் மூட்டை தூக்கினான். முதலாளி திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்றுகூடப் புரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்ற நாட்களை அவன் மறக்கவேயில்லை.

பூர்ணிமா பள்ளிக்கூடம் போன முதல் வருஷம் அங்கே வாயே திறக்கவில்லை. டீச்சர் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பி, வீட்டிலும் பிரெஞ்சே பேசுங்கள், குழந்தைக்கு நல்லது என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால் கார்குழலிக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் அக்கறையாகச் சொன்னார்.

"இனிமே வீட்ல தமிழே வேணாம் குழலி," என்றான் பிரேம்குமார், திரும்பும் வழியிலேயே.

"எனக்கு எவ்ளோ பிரெஞ்சு வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வர்றத பேசு. நான் பட்ட அவமானத்த எம்பொண்ணு படக்கூடாது."

விசாவுக்காகப் படித்த பிரெஞ்சு அவளுடையது. அதில் மகளைச் சாப்பிடச் சொல்லலாம், சட்டை போடச் சொல்லலாம், தூங்கச் சொல்லலாம். கொஞ்சத் தெரியாது. கதை சொல்லத் தெரியாது. சிநேகிதியோடு சண்டை என்று மகள் விசும்பிக்கொண்டு வந்தால், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கட்டிப்பிடித்துக்கொள்வாள். புரியாததையெல்லாம் புரிந்த மாதிரி "வுய், வுய்" என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பூர்ணிமா பள்ளியில் நன்றாகப் பேச ஆரம்பித்தாள். டீச்சர் மெச்சினார். வீட்டில் அம்மாவிடம் மட்டும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

பூர்ணிமாவுக்கு ஐந்து வயது முடிந்த கோடை விடுமுறையில் தாயும் மகளும் மட்டும் புதுச்சேரி வந்தார்கள். மூலக்குளத்தில் அக்கா தாமரைச்செல்வி வீட்டில் தங்கல். அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அன்று பிற்பகல் அக்காவும் தங்கையும் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பூர்ணிமா ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மமான், ஜே அவலே லா பில்."

அவலே என்றால் விழுங்கினேன். அது கார்குழலிக்குத் தெரியும். பில்? அங்கே மருந்துக்கடையில் மாத்திரையை "பிலூல்" என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். உள்ளே ஓடினாள். சாப்பாட்டு மேசைமேல் அக்காவின் பிரஷர் மாத்திரை அட்டை கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டி, இதுவா இதுவா என்று கத்தினாள். பயந்துபோன குழந்தை தலையை ஆட்டியது.

"ஐயோ குழலி, எத்தினி முழுங்குச்சாம்? கேளுடி!" என்று அக்கா பதறினாள்.

கேட்டாள். பூர்ணிமா அழுதுகொண்டே வேகவேகமாக என்னென்னவோ சொன்னாள். கார்குழலிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அக்காவோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பிரேம்குமாருக்குப் போன் அடித்தாள். அவன் ஒரு கடையில் செக்யூரிட்டி. டியூட்டியில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"பிரஷர் நார்மலாத்தாம்மா இருக்கு. ஆனா எச்சில்கூட முழுங்க மாட்டேங்குது பாருங்க. நெஞ்சைப் புடிச்சிக்குது. மாத்திரைதான் சாப்பிட்டுதுன்னு நிச்சயமா தெரியுமா? கொழந்தைகிட்ட நல்லாக் கேளுங்க."

கார்குழலி மகள் பக்கம் குனிந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்க முடிந்தது. அது எப்படி இருந்தது, எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதற்றத்தில் தெரிந்த பிரெஞ்சும் மறந்துவிட்டது.

"நீங்க இந்த ஊர்தானே? தமிழ்லயே கேளுங்களேன்," என்றார் டாக்டர்.

"அவளுக்குத் தமிழ் வராது சார்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்குத் தரையைத் தவிர எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. பிரேம்குமார் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனை மகளின் வாயருகே வைத்தாள்.

"பப்பா... ஜே அவலே லா பில்."

அந்தப் பக்கம் அவன் போட்ட கூச்சல் டாக்டருக்கே கேட்டது. "குழலி! பேட்டரி! பேட்டரிய முழுங்கியிருக்குடி!"

கேக் மாவு நிறுக்கிற சின்னத் தராசுக்கு அக்கா காலையில் பேட்டரி மாற்றியிருந்தாள். பட்டன் மாதிரி தட்டையாக இருக்கும் பழைய பேட்டரி, மாத்திரை அட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அது நெஞ்சுக்கு நடுவே வட்டமாகத் தெரிந்தது. உடனே மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு வெளியே எடுத்தார்கள். உணவுக்குழாயில் லேசாகப் புண். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும் என்றார் டாக்டர். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னாலதான், என்னாலதான் என்று அழுதாள். கார்குழலிக்கு அழுகை வரவில்லை.

பிரேம்குமார் லீவு சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் வந்துவிட்டான். மகள் தூங்குவதைப் பார்த்து, நெற்றியைத் தொட்டுவிட்டு, மனைவியை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"பேட்டரிக்கு பிரெஞ்சுல என்னன்னு தெரியல. இத்தினி வருஷம் அங்க இருந்து என்ன பிரயோசனம்? கிளாஸுக்குப் போ, கிளாஸுக்குப் போன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

"தமிழ்ல பேச விட்டிருந்தா பேட்டரின்னே சொல்லியிருப்பா."

"அங்க நீ இல்லாத நேரத்துல எதையாவது முழுங்கினா? டீச்சர்கிட்ட தமிழ்லயா சொல்லுவா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "அவ சாவுறேன்னு சொன்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்காதுங்க. நான் அவளுக்கு அம்மாங்க."

பிரேம்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி. நான் பிரெஞ்சு பேசறேன். நீ தமிழ் பேசு. ஆனா கிளாஸுக்கும் போவணும்," என்றான். அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து கார்குழலி மகளிடம் தமிழில் பேச ஆரம்பித்தாள். நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் பூர்ணிமா சிரித்தாள். அப்புறம் எரிச்சல்பட்டாள். ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு, "மமான், பார்ல் பியேன்!" என்று கத்தினாள். ஒழுங்காகப் பேசு என்று அர்த்தம். கார்குழலிக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. சொன்னதையே இன்னும் மெதுவாக, தமிழிலேயே திரும்பச் சொன்னாள்.

பாரீஸுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. தொண்டைக்கு இதமாக அரிசிக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பூர்ணிமா உதட்டைப் பின்னுக்கு இழுத்து, "சூடு," என்றாள்.

தாமரைச்செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏய், இன்னா சொன்னா?"

கார்குழலிக்குச் சந்தோஷம் பொங்கியது. அது அடங்குவதற்குள்ளேயே பயமும் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் கேன்டீனில் இவள் சூடு என்று சொல்லி, யாருக்கும் புரியாமல் போனால்? டீச்சர் மறுபடி கூப்பிட்டனுப்பினால் இந்த முறை என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது?

கரண்டியைப் பின்னுக்கு இழுத்து ஊதினாள். "சூடாத்தான் இருக்கு கண்ணு. கொஞ்சம் ஆறட்டும்," என்றாள்.