இருபத்துநாலுக்கு இருபத்தைந்து

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். காலையில் பேருந்தை விட்டு இறங்கி, வாசலில் கைரேகை வைத்து, நாற்காலியில் உட்காரும் முன்பே பர்ச்சேஸ்காரர் தாளை நீட்டினார். மின்சாரம் அலையாமல் சமன்செய்யும் ஐம்பது வோல்ட் கெப்பாசிட்டர் வரவில்லை, இருபத்தைந்து வோல்ட்தான் இருக்கிறது. உருவமும் அதேதான், இருபத்திரண்டு மைக்ரோ ஃபாரட் என்கிற கொள்ளளவும் அதேதான்.

"நம்ம அவுட்புட் இருபத்திநாலுதானே சார்? இருபத்தஞ்சு சாக்கு சார், சாக்கு" என்றார். கன்னடத்தில் போதும் என்கிறார். எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் அன்று எனக்குப் போதும். பல வாரங்களாகச் சரியான தூக்கமில்லாமல், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் ஒன்று, கையில் வேறொன்று என்றால், 'டீவியேஷன்' தாளில் வடிவமைத்தவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கையில் இருப்பதே சரி. போட்டேன்.

ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களில் மின்விசிறிகளை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலருக்குச் சீரான மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டிகள் செய்கிறோம். மதியம் மூன்று மணிக்குச் சோதனை மேசையில் முதல் பெட்டியின் அவுட்புட், கோடாக நிற்க வேண்டியது, அலையாக ஆடியது. இரண்டாவதும் ஆடியது. மூன்றாவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வரும் பொருளைச் சோதிக்கும் 'இன்கமிங்' மேசைக்குப் போனேன். அங்கே இருப்பவர் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். மத்திகிரியில் வாடகை வீடு, ஒப்பந்த வேலை. பயந்துபோய் என் கண்முன்னாலேயே மறுபடி அளந்தார்.

"பாருங்க சார், இருபத்திரண்டு. பார்த்துட்டுதான் ஓகே போட்டன்."

உண்மைதான். எந்தச் சுமையும் இல்லாமல் கிடக்கும்போது அது இருபத்திரண்டுதான். லேபிலிருந்து, மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே அளக்கும் கருவியைத் தூக்கிவந்து, இருபத்துநாலு வோல்ட் ஏற்றினேன். எண் இறங்கியது. பதினைந்து, பத்து, ஏழு. ஐந்துக்குக் கீழே போய்த்தான் நின்றது.

"மீதி எங்க சார் போச்சு?"

"எங்கயும் போகலம்மா. செராமிக்கு, வோல்ட்டேஜ் ஏத்துனா இப்படித்தான் சுருங்கும். அதுக்குத்தான் ரெண்டு மடங்கு வோல்ட்டேஜுக்கு வாங்கறது."

"சும்மா இருக்கறப்ப மட்டும் முழுசா இருக்கும், வேலை குடுத்தா இல்ல. எங்க ஊட்டுக்காரர் மாதிரி." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ரிப்போர்ட்ல என் பேரு வருமா சார்? இந்த வாரந்தான் கான்ட்ராக்ட்டு புதுசு பண்றாங்க."

மேலாளர் அறையில் பேச்சு நீளவில்லை. "இன்கமிங்ல உட்டுட்டாங்கன்னு எழுதுங்க சார். டிசைன் தப்புன்னா கஸ்டமர் நம்மளத் தோண்டி எடுத்துடுவான்."

ஒரே வரி. எழுதினால் ஐந்தரைப் பேருந்தைப் பிடித்துவிடலாம். களைப்பு எனக்கு வக்கீலாகி வாதாடியது: அந்தப் பெண் ஓகே போட்டதும் உண்மைதானே, பொய்யா எழுதப் போகிறாய்? ஆனால் அவர் மேசையில் மின்னழுத்தம் கொடுத்து அளக்கும் வசதியே கிடையாது. எனக்கோ இரண்டு மடங்கு விதி மனப்பாடம். காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'விதி தெரிந்தும் அனுமதி கொடுத்தது நான். இன்கமிங் சோதனையில் தவறில்லை.'

மேலாளர் இரண்டு முறை படித்தார். "ஏன் சார், இந்த வயசுல இது தேவையா உங்களுக்கு?"

"தெரியல சார்" என்றேன். தெரியத்தான் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது: இனி டீவியேஷன் தாளில் என் கையெழுத்து மட்டும் செல்லாது, இன்னொருவரும் போட வேண்டும். அவமானமாக இருந்திருக்க வேண்டும். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் பேருந்தில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.